நெல் குதிருக்குள் ஒரு தவில்

1957ஆம் வருடம் தை மாதம் மேலகரத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நாகசுரத்துக்கு இரண்டு தவில். ஞானசம்பந்தம் தனியாக வாசிக்கத் தொடங்கியதும், கூட வாசிக்கும் இலத்தூர் குத்தாலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வரலாம் என்று தெருவில் இறங்கினார். தெருமுனை வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஞானசம்பந்தத்தின் வாசிப்பு கேட்டது. குத்தாலிங்கம் துப்ப மறந்து மரத்தடியில் நின்றார். பிறகு நேராக மைக் செட்டுக்காரரிடம் வந்தார்.

"பாய், தவிலுக்கு ரெண்டு பக்கம் உண்டுல்லா?"

"உண்டு அண்ணாச்சி."

"உம்ம குழாய்க்கு ஒரு பக்கந்தான் தெரியும் போலுக்கே. வலது பக்கம் விரல் அடிக்கது மட்டும் தகரத்துல ஆணி அறையுத மாரி கேக்குது. எடது பக்கம் கழியால அடிக்கமே, அது எங்கன போச்சு? வார வழியில எவனும் களவாண்டுட்டானா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மைக் செட்டுக்காரர் கிதிர் முகம்மதுவும் சிரித்து வைத்தார். ஆனால் கூட்டம் கலைந்ததும் தானே போய் அந்த வேப்பமரத்தடியில் நின்று கேட்டார். குத்தாலிங்கம் சொன்னது நிஜம். கழியின் அடி ஒன்றுகூட வந்து சேரவில்லை.

கிதிர் முகம்மதுவுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. தென்காசியில் தறி நெய்கிற குடும்பம். பதினாறு வயதில் கொழும்புக்குப் போய், அங்கே ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் பத்து வருடம் இருந்தவர். திரும்பி வரும்போது ஒரு பற்றவைக்கும் இரும்பும், பஞ்சில் பொதிந்த முப்பது வால்வுகளும் கொண்டுவந்தார். அதை வைத்துக்கொண்டு ஆரம்பித்ததுதான் மைக் செட் தொழில். கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும். குழாய் ஸ்பீக்கர் அதைச் செய்தது. கூப்பிடு தூரத்தைப் பத்து மடங்காக்கியது. நல்ல சத்தமா என்று அதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அடுத்த வருடம் இலத்தூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸைக் கலைத்தார்கள். கொட்டகைக் கீற்றை ஒருவரும், பெஞ்சுகளை ஒருவரும் வாங்கிப் போனார்கள். கிதிர் முகம்மது வாங்கியது திரைக்குப் பின்னால் தொங்கிய பெரிய ஸ்பீக்கர். தாம்பாளம் அகலத்துக்குக் காகிதக் கூம்பு, பின்னால் அம்மிக்கல் கனத்தில் காந்தம். சைக்கிள் கேரியரில் கட்டி, மிதிக்க முடியாமல் பாதி வழி தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

வந்ததும் கம்பியைக் கோத்து ஒரு நாகசுர இசைத்தட்டைப் போட்டார். அவ்வளவு பெரிய ஸ்பீக்கரிலிருந்து நோஞ்சான் சத்தம்தான் வந்தது. காரணம் அவருக்குத் தெரியும். கூம்பு முன்னால் தள்ளும் காற்றைப் பின்னால் ஓடும் காற்று சுற்றி வந்து ஈடுகட்டிவிடும். கீச்சென்ற மேல்சத்தம் தப்பித்துக்கொள்ளும், கும்மென்ற அடிச்சத்தம் அங்கேயே செத்துப்போகும். ஸ்பீக்கரின் பின்பக்கத்தை எதிலாவது அடைத்தாக வேண்டும். கையில் அவ்வளவு பெரிய பெட்டி இல்லை. வீட்டுக்குள் கண்ணை ஓட்டினார். மூலையில் ஆள் உயரத்துக்கு நெல் குதிர் நின்றது.

அவர் பார்வை போன இடத்தை அவர் மனைவி ஹைருன் பீவி பார்த்துவிட்டாள். நூல் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"அது நெல்லு கெடக்க எடம்," என்றாள்.

"ரெண்டு நாளு சாக்குல கெடக்கட்டும் ஹைரு."

"எலி திங்கவா? மண்ணுல செஞ்ச குதிரு. உங்க இரும்பைத் தூக்கி மேல வச்சா பொளந்துரும்."

"பொளந்தா புதுசு வாங்கித் தாரேன்."

"இந்த வீட்டுல நீங்க புதுசு வாங்கித் தந்தது ஒண்ணு சொல்லுங்க பாப்போம்," என்று கேட்டாள். அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து முதல் விரலிலேயே நின்றுவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவருமாக நெல்லைச் சாக்குக்கு மாற்றினார்கள்.

குதிரின் வாயில் சணலைச் சுற்றி வைத்து, ஸ்பீக்கரை மேல் பார்க்க உட்கார வைத்தார். தட்டு சுழன்றது. இப்போது சத்தத்துக்குக் கொஞ்சம் உடம்பு வந்திருந்தது. ஆனாலும் போர்வைக்குள்ளிருந்து ஒருவன் பேசுவது போல மூச்சு முட்டியது. கிதிர் முகம்மது ஆம்ப்ளிஃபயரின் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹைருன் பீவிக்கோ வேறு கவலை. அடியில் இன்னும் நாலு படி நெல் தங்கியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். குதிரின் அடிப்பக்கத்தில் நெல் எடுப்பதற்கென்று ஒரு துவாரம் உண்டு. முறத்தை வைத்துவிட்டு, துவாரத்தில் அடைத்திருந்த துணிப்பந்தைப் பிடுங்கினாள்.

பொத்தென்று ஒரு காற்று அவள் கையில் அடித்தது. நெல்மணிகள் முறத்தைத் தாண்டித் தரையெங்கும் தெறித்தன. அதோடு சேர்ந்து தவிலின் இடது பக்கம் முழுசாக வீட்டுக்குள் இறங்கியது. பரணில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைச் செம்பு ஒவ்வோர் அடிக்கும் சிணுங்கியது.

"அல்லாவே!" ஹைருன் பீவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "காதுல கேக்கலங்க, இங்கன கேக்குது."

கிதிர் முகம்மது தரையில் படுத்துத் துவாரத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டினார். கூம்பின் பின்பக்கக் காற்று வீணாகாமல், குதிருக்குள் அமுங்கித் திரும்பி, அந்த ஓட்டை வழியாக முன்பக்கத்துக்குத் துணையாக வந்துகொண்டிருந்தது. துணியை அடைத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், பாதி மூடிப் பார்த்தார். மத்தியானச் சோறு ஆறிப்போனது. அசர் தொழுகை நேரத்துக்குள் தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கே கிதிர் முகம்மது என்ற பேர் குதிர் முகம்மது ஆகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டவர்களை எல்லாம் அவர் சந்தோஷமாகவே திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் ஆள் அனுப்பிக் குத்தாலிங்கத்தையும் ஞானசம்பந்தத்தையும் வரவழைத்தார். பக்கத்து வீட்டில் மைக்கை வைத்து ஞானசம்பந்தத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு, குத்தாலிங்கத்தைக் குதிருக்கு முன்னால் உட்கார வைத்தார். குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஹைருன் பீவி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"கழி கேக்குது," என்றார் குத்தாலிங்கம் கடைசியில். "பொய் சொல்லப்பிடாது, நல்லாவே கேக்குது. ஆனா பாய், அவன் அங்கன நாலு விதமா அடிக்கான். உம்ம குதிரு எல்லாத்துக்கும் 'கும்மு'ன்னு ஒரே பதிலைச் சொல்லுது. இது ஞானசம்பந்தத்தோட தவில் இல்ல. குதிரோட தவில்."

கிதிர் முகம்மதுவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் தவறு எங்கே என்று தெரிந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண் குதிர் தானே அதிர்கிறது. தனக்குப் பிடித்த ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு அதையே கத்துகிறது. அப்படியானால் அதிராத பெட்டி வேண்டும்.

செங்கோட்டை ரோட்டில் பட்டறை வைத்திருந்த நல்லதம்பி ஆசாரி முதல் பெட்டியைப் பலாப் பலகையில் செய்தார். பெட்டியின் விலாவில் கை வைத்தால் மாட்டுத் தோல் சிலிர்ப்பது போல அதிர்ந்தது. பலகையைக் கனமாக்கி இரண்டாவது பெட்டி. உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து மூன்றாவது. அதிர்வு குறைந்ததே தவிரப் போகவில்லை.

"வே, மூணு பொட்டிக்குப் பதிலா நான் மூணு கட்டில் செஞ்சிருந்தா இந்நேரம் மூணு கல்யாணம் முடிஞ்சிருக்கும்," என்றார் நல்லதம்பி. "சுவரு ஆடக்கூடாதுன்னா சுவராவே கட்டித் தொலையும். பலகை எதுக்கு?"

அவர் எரிச்சலில் சொன்னதுதான். கிதிர் முகம்மது அதைப் பிடித்துக்கொண்டார். நாலாவது பெட்டிக்கு ஒவ்வொரு பக்கமும் இரட்டைப் பலகை. நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி. அதற்குள் சிற்றாற்று மணல். மணலில் ஈரம் இருந்தால் பலகை உளுத்துப்போகும் என்பதால், நிலக்கடலை வறுக்கிற சட்டியில் ஹைருன் பீவி மணலை வறுத்துக் கொடுத்தாள். நாலு நாள் வறுத்தாள். மெஹர் பானு என்ற பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்து, "என்னட்டி, இன்னைக்கு என்ன ஆக்குதே?" என்று கேட்க, "மணல் பிரியாணி," என்றாள்.

பெட்டிக்குள் இலவம்பஞ்சை மெத்தையாகத் தைத்து ஒட்டினார்கள். முன்பக்கத்துத் துவாரத்துக்கு நல்லதம்பி மூன்று அளவில் மரவளையம் கடைந்து தந்தார். பெரியதில் சத்தம் தளர்ந்து தொங்கியது. சின்னதில் மறுபடி மூச்சு முட்டியது. நடு அளவு பொருந்தியது. ஆம்ப்ளிஃபயர் அடுத்த தொல்லை. குழாய்க்குப் போதுமாக இருந்த பழைய ஆம்ப்ளிஃபயர், அடிச்சத்தம் ஓங்கி வரும்போதெல்லாம் கரகரவென்று இருமியது. கீழே போகப் போக மின்சாரத்தை அதிகமாகத் தின்கிற சத்தம் அது. பெரிய வால்வுகள் இரண்டு போட்டு, டிரான்ஸ்பார்மரைத் தானே சுற்றி, புதிதாக ஒன்றைக் கட்டினார். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேல்சத்தம் மட்டும் குழாய்க்கும், அடிச்சத்தம் மட்டும் பெட்டிக்கும் பிரிந்து போகக் கம்பிச்சுருள் ஒன்றை இடையில் வைத்தார்.

இன்னொரு ஸ்பீக்கர் தேடிப் பிடித்து இரண்டாவது பெட்டியும் முடிந்த அன்று ஒரு வேடிக்கை நடந்தது. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் இடி. சேர்த்துப் போட்டால் அடிச்சத்தமே இல்லை. இரண்டு நாள் பெட்டிகளைக் கழற்றி மாட்டினார். மூன்றாம் நாள் டார்ச் லைட்டின் பேட்டரிக் கட்டை ஒன்றை எடுத்து முதல் பெட்டியின் கம்பியில் தொட்டார். கூம்பு வெளியே துள்ளியது. அதே மாதிரி இரண்டாவதில் தொட்டார். கூம்பு உள்ளே போனது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு கம்பிகளை இடம் மாற்றினார், அவ்வளவுதான். அன்று முதல் எந்த ஸ்பீக்கர் கைக்கு வந்தாலும் முதலில் டார்ச் கட்டையைத் தொட்டுப் பார்த்து, கூம்பை வெளியே தள்ளுகிற முனையில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துவிடுவார்.

1960 ஆடியில் குற்றாலத்தில் நல்ல சீசன். வியாபாரிகள் சிலர் சேர்ந்து, பேரருவிக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, சாயங்காலக் கச்சேரி ஒன்று வைத்தார்கள். நாகசுரம், குத்தாலிங்கமும் ஞானசம்பந்தமும் தவில், கிதிர் முகம்மது மைக் செட். அவர் காலையிலேயே போய்ப் பந்தலில் உட்கார்ந்து கேட்டார். அருவி முழுவேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் அவர் பெட்டிகள் பேசும் அதே அடிச்சத்தம். மலையே பெட்டியாக நிற்கும்போது மணல் அடைத்த இரண்டு பெட்டி என்ன செய்யும்? பந்தலைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டார். முடியாது என்றுவிட்டார்கள்.

திருகை முழுக்கத் திருப்பினாலும் அருவியை ஜெயிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது. அதனால் பெட்டிகளை மேடையிலிருந்து இறக்கினார். ஜமுக்காளத்தின் நடுவில், உட்காருகிறவர்களுக்குக் கை எட்டும் தூரத்தில், தரையோடு தரையாக வைத்தார். சாரலில் காகிதக் கூம்பு ஊறிவிடாமல் பெட்டியின் முகத்தில் குடைத்துணியைக் கட்டினார். அதைக் குற்றாலத்துக் குரங்கு ஒன்று கவனித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் வந்து உட்கார்ந்தபோது அது பெட்டி மேல் ஏறி, துணியை விலக்கி, துவாரத்துக்குள் தோள் வரை கையை விட்டுத் தேங்காய் தேடியது. அந்த நேரம் பார்த்துக் குத்தாலிங்கம் கழியை இறக்கினார். குரங்கு பெட்டியிலிருந்து நேரே பந்தல் காலுக்குத் தாவி, அங்கிருந்து பெட்டியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் கத்தியது. நாகசுரக்காரருக்குச் சிரிப்பில் சீவாளி வாயை விட்டு வந்துவிட்டது. அவர் மறுபடி பிடிக்கும் வரை தவில்காரர்கள் இருவரும் தனியாகவே வாசித்துச் சமாளித்தார்கள். ஈரத் தலையும் துண்டுமாக அருவியிலிருந்து வந்தவர்கள் அப்படியே நின்று கேட்டார்கள்.

அதன் பிறகு அவருக்கு ஓய்வில்லை. கடையநல்லூர், சங்கரன்கோவில், மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் வரை கூப்பிட்டார்கள்.

1965இல் புனலூர்க் கல்யாணம் ஒன்றுக்காக, பெட்டிகளோடும் நாகசுரக் குழுவோடும் விடிகாலையில் லாரியில் கிளம்பினார்கள். பர்மிட் இல்லாமல் அரிசியை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று தடை இருந்த காலம் அது. புளியறைச் சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தினார்கள். சுந்தரபாண்டி என்ற அதிகாரி ஏறிப் பார்த்தார். பெட்டியை விரலால் தட்டினார். மறுபடி தட்டினார்.

"மரப்பொட்டின்னா டொக்குன்னு கேக்கணும். இது என்ன, மூட்டையைத் தட்டுன மாரி இருக்கு?"

ஏழெட்டு வருட உழைப்பில் கிதிர் முகம்மதுவுக்குக் கிடைத்த முதல் உண்மையான பாராட்டு அது. ஆனால் ரசிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

"சுவத்துக்குள்ள மணல் இருக்கு சார்."

"மணலா? புனலூர்ல மணல் இல்லியாவே?"

ஒரு திருகாணியைக் கழற்றச் சொன்னார்கள். மணல் கொட்டியது. ஒரு காவலர் உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்து, "வறுத்த மணல் சார்," என்றார். சந்தேகம் இரட்டிப்பானது. மேலாக மணலைப் போட்டு அடியில் அரிசியை வைத்திருக்கலாம், எல்லாவற்றையும் கொட்டிக் காட்டு என்றார் சுந்தரபாண்டி. கொட்டி மறுபடி அடைக்க ஒரு பகல் வேண்டும். முகூர்த்தம் பதினோரு மணிக்கு.

"சார், கொட்டாமலே காட்டுதேன்," என்றார் கிதிர் முகம்மது. "மணல் இறுகிக் கெடந்தாத்தான் பொட்டி சும்மா இருக்கும். அரிசி கலந்திருந்தா அடிக்க அடிக்க உள்ள கலகலன்னு அதுவே காட்டிக் குடுத்துரும். கேட்டுப் பாருங்க."

எதிரே டீக்கடையில் கரண்ட் இருந்தது. லாரியிலிருந்தபடியே கம்பியை இழுத்தார்கள். குத்தாலிங்கம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, லாரித் தட்டிலேயே தவிலை மாட்டி நின்றார். முதல் அடிக்கு டீக்கடைத் தகரம் அதிர்ந்தது. இரண்டாவதுக்குக் கண்ணாடித் தம்ளர்கள் பேசின. வரிசையில் நின்ற லாரிகளின் டிரைவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். சுந்தரபாண்டி பெட்டியின் விலாவில் காதை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். பெட்டி அசையவே இல்லை. ஆனால் சத்தம் அவர் காலடி மண்ணில் ஏறியது. குத்தாலிங்கம் முடித்த பிறகும் சுந்தரபாண்டி கையை எடுக்கவில்லை.

"இன்னும் சந்தேகமா சார்?" என்று கேட்டார் குத்தாலிங்கம்.

"லேசா இருக்கு. இன்னொண்ணு வாசியும்," என்றார் சுந்தரபாண்டி.

மூன்று வாசித்த பிறகுதான் தடைக்கம்பம் உயர்ந்தது. முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

மறு வருடம் ஆவணியில் சுந்தரபாண்டி தென்காசியில் கிதிர் முகம்மதுவின் மைக் செட் கடைக்கு வந்து நின்றார். தங்கச்சிக்குக் கல்யாணம், பெட்டிகளோடு வர வேண்டும், வீட்டுக்காரியையும் கூட்டி வர வேண்டும் என்றார். ஹைருன் பீவி அதுவரை மைக் செட் வேலை எதற்கும் அவரோடு போனதில்லை. கல்யாண மண்டபத்தில் வாசிப்பு நடக்கும்போது பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவள், சிறிது நேரத்தில் எழுந்து கணவரிடம் வந்தாள்.

"அடிச்சத்தம் ஆம்பளைக வரிசையோட நின்னு போச்சுங்க. எங்களுக்கு வெறும் நாயனந்தான் கேக்குது. அந்தப் பொட்டியை மூலையில தள்ளுங்க."

"அளந்துல்லா வச்சிருக்கேன்."

"நீங்க ஒரே எடத்துல நின்னு அளந்தீக."

அவள் நகர்வதாகத் தெரியவில்லை. இரண்டு ஆள் பிடித்து, மண்டபத்தின் மூலைக்குப் பெட்டியைத் தள்ளினார்கள். இரண்டு சுவரும் சத்தத்தை வாங்கிக் கூடத்துக்கு எறிந்தன. பெண்கள் பக்கம் நகையையும் புடவையையும் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மேடையிலிருந்த குத்தாலிங்கம், என்ன செய்தீர்கள் என்று கையாலேயே கேட்டார்.

அதிலிருந்து வேலைக்குப் போகும் லாரியில் முன்சீட்டு ஹைருன் பீவிக்கு என்றானது. ஆள் வருவதற்கு முன்னால் வெறும் மண்டபத்துக்குள் அவள் மட்டும் கைதட்டிக்கொண்டே ஒரு சுற்று நடந்து வருவாள். ஓரிடத்தில் நின்று, "இங்கன," என்பாள். கிதிர் முகம்மது அளவுநாடாவைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிடப் போவார்.